விமானத்தளத்த காக்குற போர்டு கேம்: சுட்டதுக்கு மார்க் இல்ல, பறந்ததுக்குத்தான்

இந்த கேம்ல எதிரிய சுட்டு வீழ்த்தினா ஒரு பாயின்ட் கூட கிடையாது. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பெட்டி மேல துப்பாக்கியோட நிக்கிற வீரர் படத்த பாத்துட்டு வாங்குறவங்க நிறைய பேர் அந்த நினைப்புலதான் வாங்குவாங்க. இதுல நீங்க விமானப்படையோட தரை வீரர்கள். விமானத்தளத்துக்கு காவல் நிக்கிற, வேலிக்கு வெளிய ரோந்து போற, தாக்குதல் வந்தா ஓடிப்போய் மோதுற ஆளுங்க. ஒரு நாள் முடியும்போது உங்க ரன்வேல இருந்து எத்தன விமானம் கிளம்பிப் போச்சோ அதுதான் உங்க ஸ்கோர். அம்பது பேர வீழ்த்தியிருந்தாலும் அன்னிக்கு விமானம் கிளம்பலன்னா சைபர்தான்.

இந்த ஒரு ரூலுக்காகவே இந்த கேம பத்தி எழுதணும்னு தோணிச்சு. ராணுவ கேம் எத்தனையோ வந்திருக்கு, விமானச் சண்டை கேமும் வந்திருக்கு, ஆனா விமானப்படைக்குள்ள இருக்கிற காலாட்படைய மையமா வச்சு வந்தது ரொம்ப ரொம்ப கம்மி. அதுலயும் அவங்க வேலைய சரியா புரிஞ்சுகிட்டு செஞ்சது அதவிட கம்மி. கேம் பேரயும் கம்பெனி பேரயும் போடல. குறையும் நிறைய சொல்லப்போறேன், சின்ன குழு செஞ்ச சரக்கு, அவங்கள நோகடிக்கிறது நோக்கம் இல்ல.

பெட்டிய திறந்தா பெரிய மேப் ஒண்ணு, அறுகோணக் கட்டம் போட்டது. நடுவுல ரன்வே, பக்கத்துல விமானம் நிறுத்துற இடம், எரிபொருள் கிடங்கு, குண்டு கிடங்கு, கன்ட்ரோல் டவர், சுத்தி வேலி. வேலிக்கு வெளிய ஒரு அகலமான வளையம், அதுக்கு "வெளி வளையம்"னே பேர் வச்சிருக்காங்க. அப்புறம் சதுர அட்டை காய்ங்க, கார்டு, பகடை, ரூல்புக், கூடவே வரலாற்று குறிப்புன்னு ஒரு சின்ன புத்தகம். ஒரு நாள நாலா பிரிச்சிருக்காங்க: இரவு, விடியல், பகல், அந்தி. டிஃபெண்டர், அதாவது தளத்த காக்குறவர், ஒவ்வொரு வேளையிலயும் தன் ஆளுங்கள காவல், ரோந்து, ரிசர்வ், ஓய்வுன்னு நாலு வேலைக்கு பிரிச்சு விடணும். ஓய்வு கொடுக்காத குழுவுக்கு களைப்பு காய் சேந்துகிட்டே போகும், மூணு களைப்பு சேந்தா அந்த குழு பக்கத்து கட்டத்துல எதிரி நின்னாலும் கண்டுபிடிக்காது. இந்த களைப்பு கணக்குதான் கேமோட முதுகெலும்பு. ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஒண்ணுமே நடக்காத இருட்ட பாத்துகிட்டு நிக்கிறதுதான் இந்த வேலையோட பெரும்பகுதி, அத விளையாட்டுக்குள்ள கொண்டுவர்றது சுலபம் இல்ல, இவங்க கொண்டுவந்துட்டாங்க.

மொத்தம் அஞ்சு களம். நாலு வரலாறு, ஒண்ணு கற்பனை.

முதல் களம் கிரீஸ் நாட்டோட கிரீட் தீவு, மாலெமே, 1941 மே. இந்த கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன், ஏன்னா விமானப்படைக்கு ஏன் சொந்தமா தரை வீரர்கள் வேணும்ங்கற கேள்விக்கு பாதி பதில் இங்கதான் இருக்கு. மே 20ந்தேதி ஜெர்மன் பாராசூட் வீரர்கள் மாலெமே விமானத்தளத்து மேல வந்து இறங்குறாங்க. அந்த பாராசூட் வீரர்கள் ஜெர்மன் ராணுவத்த சேந்தவங்க இல்ல, ஜெர்மன் விமானப்படையோட ஆளுங்க. எதிர்ல தளத்த காக்குறது நியூசிலாந்தோட 22வது பட்டாலியன், தளத்த மேல இருந்து பாக்குற 107ங்கற குன்று அவங்க கையில. தளத்துக்குள்ள பிரிட்டிஷ் விமானப்படை, கடற்படை விமானப்பிரிவு ஊழியர்கள் இருந்தாங்க, ஆனா பறக்க விமானம் இல்ல, கடைசி சண்டை விமானங்கள முந்தின நாளே எகிப்துக்கு அனுப்பியாச்சு. அந்த ஊழியர்கள்ல பல பேர் கையில ஆயுதமும் இல்ல, யார் கட்டளைக்கு கீழ வர்றாங்கங்கற தெளிவும் இல்ல. அன்னிக்கு பூரா சண்டை, போன் லைன் அறுந்துபோச்சு, முன்னாடி நிக்கிற கம்பெனிங்க உயிரோட இருக்காங்களா இல்லையான்னே பட்டாலியன் தளபதிக்கு தெரியல, ராத்திரி குன்ற விட்டு பின்வாங்கிட்டாங்க. மறுநாள் ஜெர்மன் போக்குவரத்து விமானங்க அந்த ரன்வேலயே இறங்கி மலைப்படைய கொட்ட ஆரம்பிச்சுது. ஒரு ரன்வே போச்சு, அதோட தீவே போச்சு.

கேம்ல இத எப்படி காட்டியிருக்காங்கன்னா, ஆயுதமில்லாத விமானப்படை ஊழியர்களுக்கு சாம்பல் நிற காய் இருக்கு. அவங்க உங்க பக்கம்தான், ஆனா நீங்க அவங்கள நகர்த்த முடியாது. ஒவ்வொரு வேளையிலயும் ஒரு கார்டு எடுக்கணும், அந்த கார்டு சொன்னாதான் அவங்க நகருவாங்க. சில சமயம் உங்க மெஷின்கன் சுடுற வழியிலயே வந்து நின்னுடுவாங்க. விளையாடும்போது எரிச்சலா வரும், வரணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க. ஒரே தளத்துல ரெண்டு அதிகாரம், நடுவுல யாருக்கும் சொந்தமில்லாத ஆளுங்க, இந்த குழப்பத்தோட விலை என்னன்னு அந்த சாம்பல் காய் காட்டுற மாதிரி எந்த விளக்கமும் காட்டாது. கிரீட் விழுந்ததுக்கு அப்புறம் சர்ச்சில் கோபமா எழுதின குறிப்புல கேட்டது இதத்தான்: விமானத்தளத்துல இருக்கிற ஒவ்வொருத்தனும் ஆயுதம் ஏந்தி தன் தளத்த தானே காக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்னு. 1942 பிப்ரவரி 1ந்தேதி பிரிட்டிஷ் விமானப்படைக்குன்னே (ஆங்கிலச் சுருக்கம் ஆர்ஏஎஃப்) தளம் காக்க ஆர்ஏஎஃப் ரெஜிமெண்ட்னு ஒரு தரைப்படை பிறந்துச்சு. போர் முடியறதுக்குள்ள அதுல 80,000 பேருக்கு மேல சேந்துட்டாங்க.

அடுத்தது மெய்க்டிலா, பர்மா, 1945 மார்ச். என்னைய கேட்டா மொத்த பெட்டியிலயும் இதுதான் சிறந்த களம், இது ஒண்ணுக்காகவே வாங்கலாம்.

நடந்தது இது: 17வது இந்திய டிவிஷன் மெய்க்டிலாவ புடிச்சிடுச்சு, ஜப்பான் படை திரும்பி வந்து சுத்தி வளைச்சிடுச்சு, ரோடு அறுந்துபோச்சு. உள்ள இருக்கிறவங்களுக்கு சாப்பாடு, குண்டு, மருந்து, கூடுதல் படை எல்லாமே விமானத்துலதான் வரணும். ஊருக்கு வெளிய இருக்கிற ரன்வேல ராத்திரியானா ஜப்பான் வீரர்கள் ஊர்ந்து வந்து பதுங்கிடுவாங்க. ராத்திரி அந்த ரன்வே பூராவையும் புடிச்சு வச்சுக்கிற அளவுக்கு ஆள் கிடையாது. அதனால ஒவ்வொரு நாளும் காலைல ஆர்ஏஎஃப் ரெஜிமெண்ட் ஆளுங்க காலாட்படையோட சேந்து ரன்வேய தேடி சுத்தம் பண்ணணும், பதுங்கியிருக்கிறவங்கள சண்டை போட்டு வெளியேத்தணும், அதுக்கப்புறம்தான் விமானம் இறங்கும். மறுநாள் காலைல மறுபடியும் அதே வேலை.

கேம்ல இரவு வேளையில அட்டாக்கர், அதாவது எதிரியா ஆடுறவர், தன் காய்ங்கள குப்புற கவுத்து ரன்வே கட்டங்கள்ல வைப்பாரு. சிலது மெஷின்கன், சிலது கண்ணிவெடி, பாதிக்கு மேல டம்மி. விடியல் வந்ததும் நீங்க ஒவ்வொரு கட்டமா போய் தேடணும், ஒரு கட்டம் தேட ஒரு குழுவோட முழு வேலையும் போயிடும். மேல விமானங்க வட்டமடிச்சுகிட்டு இருக்கும், அதுக்கு தனியா ஒரு வரிசை இருக்கு, ரன்வே சுத்தமாகாம நீங்க கடத்துற ஒவ்வொரு நடைக்கும் (டர்னுக்கும்) ஒரு விமானம் எரிபொருள் தீந்து திரும்பிப் போயிடும். நான் விளையாடினதுல ஒரு காலை இன்னும் மனசுல நிக்குது. ரன்வேல அஞ்சு காய் கவுத்து கிடக்கு, என்கிட்ட களைப்பில்லாத குழு ரெண்டே ரெண்டு. கிழக்கு முனையில கிடந்த காய தொடாமலேயே "ரன்வே திறந்தாச்சு"ன்னு அறிவிக்க ரூல் இடம் கொடுக்குது, அது டம்மியா இருந்தா ஆறு விமானமும் இறங்கும், நிஜமா இருந்தா முதல் விமானம் ரன்வே நடுவுலயே எரியும், அப்புறம் அன்னிக்கு பூரா அந்த ரன்வே யாருக்கும் உதவாது. எதிர்ல உக்காந்திருந்த நண்பர் முகத்துல எதையும் காட்டிக்கல. நான் தேடத்தான் போனேன், ரெண்டு விமானம் திரும்பிடுச்சு, அந்த காய் கண்ணிவெடி. அந்த முடிவ எடுக்கிற நேரம் இருக்கே, அந்த ஒரு நிமிஷம்தான் இந்த வீரர்களோட வேலை. சாகசமா எதுவும் தெரியாது, நிதானமா தேடணும், மேல வட்டமடிக்கிறவங்களோட அவசரம் உங்க மேல வந்து உக்காரும், அதுக்கு வளைஞ்சு கொடுக்கக்கூடாது.

மூணாவது களம் வியட்நாம்ல, "தான் சோன் நூட்"ங்கற விமானத்தளம், 1968 ஜனவரி 31, வட வியட்நாம் படையும் வியட்காங் கெரில்லாக்களும் ஒரே நேரத்துல பல ஊர் மேல பாஞ்ச டெட் தாக்குதல் நடந்த ராத்திரி. தளத்தோட மேற்கு வேலி பக்கம் 051னு ஒரு பங்கர், அமெரிக்க விமானப்படையோட பாதுகாப்பு வீரர்கள் அஞ்சு பேர் உள்ள. பெரும்படை வந்து மோதுனது அந்த முனையிலதான். அஞ்சுல நாலு பேர் அங்கயே இறந்துட்டாங்க. அவங்க தாக்குப்பிடிச்ச நேரத்துலதான் பின்னாடி இருந்தவங்க தடுப்பு வரிசை போட முடிஞ்சுது, விடியறப்போ ராணுவத்தோட கவச வண்டிங்க வந்து சேந்துச்சு, தளம் பிழைச்சுது. கேம்ல அந்த பங்கர் ஒரே ஒரு காய். அது எத்தன நடை தாங்குதுங்கறத வச்சுதான் மொத்த களமும் போகும். இத வடிவமைச்சவங்களுக்கு அந்த அஞ்சு பேர் மேல மரியாதை இருக்குன்னு விளையாடும்போதே தெரியுது.

இதே களத்துல நாய் குழு காயும் இருக்கு, இரவு வேளையில அதுக்கு மட்டும் ரெண்டு கட்டம் தள்ளி இருக்கிற எதிரிய மோப்பம் புடிக்கிற சக்தி. சும்மா அழகுக்கு சேத்தது இல்ல இது. 1966 டிசம்பர்ல இதே தளத்துல நீமோன்னு ஒரு காவல் நாய் ஊடுருவினவங்கள கண்டுபுடிச்சு, சுடப்பட்டு ஒரு கண்ணு போயும் தன் ஆள் மேல படுத்து காப்பாத்துச்சு. வரலாற்று குறிப்பு புத்தகத்துல இத சேத்திருக்கலாம், விட்டுட்டாங்க.

இங்கதான் வெளி வளையத்தோட அர்த்தமும் புரியும். விமானத்தளம் காக்குறதுன்னா வேலிய காக்குறதுன்னு நினைச்சு விளையாடுறவங்க மூணாவது நாளுக்குள்ள தோத்துடுவாங்க. 122 மில்லிமீட்டர் ராக்கெட் சுமார் 11 கிலோமீட்டர் போகும். தளத்த நடுவுல வச்சு அந்த தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க, சுமார் 380 சதுர கிலோமீட்டர் வருது. அதுக்குள்ள எங்க இருந்து வேணும்னாலும் அடிக்கலாம், அடிச்சுட்டு சில நிமிஷத்துல கெளம்பிடலாம். ராண்ட்ங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1995ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு 1940ல இருந்து 1992 வரைக்கும் விமானத்தளங்கள் மேல நடந்த தரைத் தாக்குதல் 645ன்னு எண்ணுச்சு, அழிஞ்சதும் சேதமானதுமா 2,000 விமானத்துக்கு மேல. அதுல முக்கால்வாசி இப்படி தள்ளி நின்னு அடிச்சது, வேலிய தாண்டி உள்ள வந்ததே இல்ல. அப்போ வேலிகிட்ட நல்லா முழிச்சுகிட்டு நிக்கிற காவலாளியால இந்த அடிய தடுக்க முடியாது, வெளிய போய் நடக்கணும், ராக்கெட் வைக்க தோதான இடத்துல எதிரிக்கு முன்னாடியே போய் படுத்திருக்கணும். விமானப்படைக்காரங்க எதுக்கு காலாட்படை மாதிரி பயிற்சி எடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு பதில் இந்த 380 சதுர கிலோமீட்டர்தான். ராணுவத்துகிட்ட கொடுத்துட்டா என்னன்னு கேட்டா, கொடுக்கலாம், ஆனா போர் சூடு புடிச்சா ராணுவத் தளபதி தன் பட்டாலியன முன்னணிக்குத்தான் இழுப்பாரு, அது அவரோட கடமை. தளத்த விட்டு நகராத ஆளுங்க, விமானத்தோட டைம்டேபிள் தெரிஞ்ச ஆளுங்க, எந்த ஹேங்கர்ல எது இருக்குன்னு இருட்டுலயும் தெரிஞ்ச ஆளுங்க வேணும். கேம்ல "அழைப்பு"ன்னு ஒரு கார்டு இருக்கு, அது வந்தா உங்ககிட்ட கடனா இருக்கிற ராணுவ குழு பாதி ஆட்டத்துல கெளம்பிடும். நல்லா யோசிச்சு வச்ச கார்டு.

நாலாவது களம் கேம்ப் பாஸ்டியன், ஆப்கானிஸ்தான், 2012 செப்டம்பர் 14. அமெரிக்க ராணுவ உடுப்புல வந்த 15 தாலிபான்கள் ராத்திரி வேலிய வெட்டி உள்ள வந்து அமெரிக்க மரீன் படையோட ஹாரியர் விமானம் ஆற அழிச்சாங்க, ரெண்டு மரீன் வீரர்கள் இறந்தாங்க, அதுல ஒருத்தர் அந்த ஸ்குவாட்ரன் தளபதி. அவங்க வெட்டின இடத்துக்கு பக்கத்துல இருந்த காவல் டவர்ல அன்னிக்கு ஆள் இல்ல. ஆர்ஏஎஃப் ரெஜிமெண்டோட அதிரடி குழு வந்து மரீன் வீரர்களோட சேந்து விடிய விடிய சண்டை போட்டுதான் முடிச்சாங்க. அடுத்த வருஷம் ரெண்டு மரீன் ஜெனரல்கள ஓய்வுல போகச் சொன்னாங்க. களம் சின்னது, ஒரே ராத்திரி, சீக்கிரம் முடிஞ்சிடும். டிஃபெண்டருக்கு டவருங்களோட எண்ணிக்கைய விட குறைவாத்தான் ஆள் கொடுத்திருக்காங்க, எந்த டவர காலியா விடுறதுன்னு நீங்களே முடிவு பண்ணணும். அவ்வளவுதான் இதுல விஷயம், ஆனா அது போதும்.

அஞ்சாவது கற்பனைக் களம், ட்ரோன். ரொம்ப தூரத்துல இருந்து வராம, பக்கத்துலயே லாரியில வந்து கெளம்புற ட்ரோன். 2025 ஜூன் 1ந்தேதி உக்ரைன் இப்படித்தான் ரஷ்யாவுக்கு உள்ள லாரிங்கள்ல கொண்டுபோன ட்ரோன்கள வச்சு எல்லையில இருந்து நூத்துக்கணக்கான, சிலது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த விமானத்தளங்கள்ல நின்ன குண்டுவீச்சு விமானங்கள அடிச்சுது, அத பாத்துட்டுதான் செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஐடியா அருமை, ரூல் அரைவேக்காடு. வேலி, டவர், நாய் எல்லாம் மேப்ல சும்மா கிடக்குது, ட்ரோன் வருது, பகடை போடுறீங்க, முடிஞ்சுது. வெளி வளையத்துல லாரிய நிறுத்தி சோதனை போடுற வேலைக்கு ஒரு ரூல் இருந்திருந்தா இது வேற லெவல் போயிருக்கும், ஏன்னா ட்ரோன் வந்த காலத்துலயும் ரோந்து போற ஆளோட அவசியம் குறையல, கூடித்தான் இருக்கு.

இப்போ கூட வர்ற "கன்ட்ரோலர்" பேக் பத்தி. இது தனியா வாங்கணும். விமானப்படையோட தரை வீரர்கள்ல இன்னொரு வகை இருக்காங்க: தளத்துல நிக்காம முன்னணியில ராணுவத்தோட போய், எங்க குண்டு போடணும்னு விமானத்துக்கு ரேடியோவுல வழிகாட்டுறவங்க. 2001ல ஆப்கானிஸ்தான்ல தாலிபான்கள எதிர்த்து நின்ன வடக்கு கூட்டணியோட போன அமெரிக்க குழுக்கள்ல விமானப்படையோட கன்ட்ரோலர்கள் இருந்தாங்க. ஜான் சாப்மேனும் ஒரு கன்ட்ரோலர்தான், 2002 மார்ச் 4 தாக்கூர் கர் மலை உச்சியில இறந்தவர், அமெரிக்காவோட உச்ச விருதான மெடல் ஆஃப் ஆனர் 2018ல அவருக்கு கொடுத்தாங்க. இவ்வளவு பெரிய விஷயத்த இவங்க பத்து பன்னெண்டு கார்டுல முடிச்சுட்டாங்க. கார்ட போட்டா விமானம் வருது, குண்டு விழுது. நிஜத்துல அந்த ஆள் விமானத்துக்கு ஒன்பது வரி விவரம் சொல்லணும்: எங்க இருந்து கெளம்பணும், எந்த திசை, எவ்வளவு தூரம், இலக்கு எவ்வளவு உயரத்துல இருக்கு, அது என்ன, எங்க இருக்கு, எப்படி அடையாளம் காட்டப்போறோம், நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க, அடிச்சுட்டு எந்த பக்கமா வெளிய போகணும். எட்டாவது வரி நம்ம ஆளுங்க நிக்கிற இடம். அது தப்பா போனா செத்துப்போறது நம்மாளு. ஒன்பது வரியையும் குண்டுச் சத்தத்துக்கு நடுவுல தப்பில்லாம சொல்ற அந்த பதட்டத்த ஒரு விளையாட்டா மாத்தியிருக்கலாமே, ஏன் விட்டாங்கன்னு தெரியல. இந்த பேக் வேண்டாம், வாங்காதீங்க.

மத்த குறைங்களும் சொல்லிடுறேன். ரூல்புக் மோசம். பார்வைக் கோடு, அதாவது ஒரு காய்க்கு இன்னொரு காய் தெரியுமாங்கறது பத்தி ரெண்டு இடத்துல ரெண்டு விதமா எழுதியிருக்காங்க, ஹேங்கர் மறைக்குமா மறைக்காதான்னு ஆட்டத்த நிறுத்தி வச்சுட்டு விவாதம் பண்ண வேண்டியதாப் போச்சு, கடைசில மறைக்கும்னு நாங்களே வச்சுகிட்டோம். களைப்பு காயும் சேத காயும் ஏறக்குறைய ஒரே ஆரஞ்சு நிறம், மங்கின வெளிச்சத்துல வித்தியாசம் தெரியாது, நான் களைப்பு காய்ங்க மேல பேனாவால புள்ளி வச்சுட்டேன். ரன்வேல குண்டு பள்ளம் விழுந்தா ஒரே பகடையில சரியாயிடுது, இது பெரிய அநியாயம். பள்ளத்த நிரப்பி, அழுத்தி, மேல பாய் விரிச்சு, வெடிக்காத குண்டு எதுவும் கிடக்குதான்னு பாத்து செயலிழக்க வச்சு ரன்வேய திறக்கிற பொறியாளர்களும் விமானப்படையோட தரை ஆளுங்கதான். அமெரிக்க விமானப்படைல இந்த மாதிரி கட்டுமான, பழுதுபார்க்கிற வேலைக்கு ரெட் ஹார்ஸ்னு தனி ஸ்குவாட்ரன்கள் இருக்கு. பறந்த விமானத்த வச்சு ஸ்கோர் போடுற கேம், அந்த விமானத்த பறக்க வைக்கிறவங்கள ஒரு பகடைக்குள்ள அடைச்சது மனசுக்கு ஒப்பல.

வரலாற்று குறிப்பு புத்தகம் நல்லா எழுதியிருக்காங்க, ஆனா பாதி கதைதான் இருக்கு. 1942ல ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் தன் விமானப்படைல உபரியா இருந்த ஆளுங்கள ராணுவத்துக்கு கொடுக்க மனசில்லாம, விமானப்படை கள டிவிஷன்கள்னு தனியா உருவாக்கி ரஷ்ய முனைக்கு அனுப்பினாரு. சரியான காலாட்படை பயிற்சியும் இல்ல, அனுபவமுள்ள அதிகாரிகளும் இல்ல, நிறைய டிவிஷன்கள் நொறுங்கிப் போச்சு, 1943 கடைசில ராணுவத்துகிட்டயே ஒப்படைக்க வேண்டியதாப் போச்சு. அந்த ஆளுங்களுக்கு பழக்கமான வேலை விமானத்தளத்துல, அனுப்பினது பனியில பதுங்குகுழிக்கு. விமானப்படையோட தரை வீரர்கள எதுக்கு வச்சிருக்கோம்ங்கறத மறந்தா என்ன ஆகும்னு இதவிட நல்ல உதாரணம் கிடையாது, புத்தகத்துல ஒரு வரி கூட இல்ல. நம்ம இந்திய விமானப்படையோட கருட் கமாண்டோக்கள பத்தியும் இல்ல. ஜம்மு காஷ்மீர்ல விமானத்தளங்கள குறிவச்சு நடந்த முயற்சிகளுக்கு அப்புறம் 2004ல உருவாக்கின படை அது. 2016 ஜனவரி பதான்கோட் தாக்குதல்ல கருட் வீரர் குர்சேவக் சிங் உயிர் கொடுத்தாரு, ராணுவ இடங்களுக்கு காவல் நிக்கிற டிஃபன்ஸ் செக்யூரிட்டி கோர் வீரர்களும் இறந்தாங்க, விமானம் ஒண்ணுக்கும் சேதம் வரல. இந்த கேமோட கணக்குப்படி பாத்தா அது முழு மார்க், ஆனா அந்த மார்க்குக்கு கொடுத்த விலை அது. 2017 நவம்பர்ல பந்திப்போரா பக்கம் ராணுவத்தோட சேந்து நின்னு சண்டை போட்டு இறந்த கார்ப்பரல் ஜோதி பிரகாஷ் நிராலாவுக்கு அசோக சக்ரா கொடுத்தாங்க. பதான்கோட் ஒரு களமா வந்திருந்தா நான் மெய்க்டிலாவுக்கு சமமா வச்சிருப்பேன்.

எல்லாத்தையும் விட பெரிய குறை ஒண்ணு இருக்கு. வெளி வளையத்துல மனுஷங்களே இல்ல. வயல் இருக்கு, ஓடை இருக்கு, மேடு இருக்கு, ஒரு ஊர் கூட கிடையாது. நிஜ விமானத்தளம் பெரும்பாலும் இப்படி வனாந்தரத்துல இருக்காது, சுத்தி கிராமம் இருக்கும், ஆடு மாடு மேய்க்கிறவங்க இருப்பாங்க, புதுசா ஒருத்தன் நடமாடினா முதல்ல கண்ணுல படுறது அவங்களுக்குத்தான். 1965 செப்டம்பர் 6 ராத்திரி பாகிஸ்தானோட எஸ்எஸ்ஜி கமாண்டோக்கள் பதான்கோட், ஆதம்பூர், ஹல்வாரா மூணு தளத்துக்கு பக்கத்துலயும் பாராசூட்ல குதிச்சாங்க, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 60 பேர். நல்ல பயிற்சி உள்ள ஆளுங்க. ஒரு விமானத்த கூட அவங்களால தொட முடியல. இருட்டுல சிதறி இறங்கினாங்க, விடிஞ்சதும் ஊர் ஜனங்க பாத்துட்டாங்க, போலீசும் ராணுவமும் ஊர் ஆளுங்களும் சேந்து தேடிப் புடிச்சாங்க, பெரும்பாலானவங்க சிறைபட்டாங்க. ரோந்து போற வீரன் ஊர்ல நல்ல பேர் எடுத்து வச்சிருந்தா அதுவே பாதி பாதுகாப்பு, கெட்ட பேர் எடுத்தா அதே ஊர் எதிரிக்கு வழி காட்டும். இந்த கணக்கு இல்லாம வெளி வளையம்னு ஒண்ணு வச்சு என்ன பிரயோஜனம். நாங்க இதுக்கு சொந்தமா ஒரு ரூல் போட்டுகிட்டோம்: வெளி வளையத்துல மூணு கட்டத்த ஊர்னு குறிச்சு, ரோந்து குழு அங்க சண்டை போடாம ஒரு நடை நின்னா அடுத்த இரவுல பக்கத்து கட்டத்துல கவுத்து கிடக்கிற காய் ஒண்ண திருப்பிப் பாக்கலாம். ஊர் கட்டத்துல சண்டை போட்டா அந்த உரிமை போயிடும். ஆட்டம் உடனே மாறிப்போச்சு, டிஃபெண்டர் ஆளுங்கள தள்ளி வைக்கிற விதமே வேற ஆயிடுச்சு. வாங்குறவங்க இத எடுத்துக்கலாம்.

யாரு வாங்கலாம்னா, ரெண்டு பேர் உக்காந்து ஒரு சாயங்காலம் முழுக்க பொறுமையா விளையாட தயாரா இருக்கிறவங்க வாங்கலாம். பாஸ்டியன்ல ஆரம்பிங்க, ரூல் பழகிடும், அப்புறம் நேரா மெய்க்டிலா. மாலெமே கடைசில, அந்த சாம்பல் காய் எரிச்சல தாங்க கொஞ்சம் பழக்கம் வேணும். தனியா விளையாடுற முறையும் கொடுத்திருக்காங்க, கவுத்த காய் எதுன்னு யாருக்குமே தெரியாதுங்கறதால அது தப்பில்லாம ஓடுது, ஆனா எதிர்ல ஒரு முகம் இல்லாததால அந்த விடியல் நேர பதட்டம் வராது. துப்பாக்கிச் சண்டை மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு இது போர் அடிக்கும், அவங்களுக்கு வேற கேம் இருக்கு.

அஞ்சுக்கு நாலு கொடுக்கிறேன். கன்ட்ரோலர் பேக்குக்கு ஒண்ணு. அடுத்த பதிப்புல ஊருக்கும் ரன்வே சரிபண்றவங்களுக்கும் காய் சேத்து, ஆரஞ்சு நிறத்தையும் மாத்திட்டாங்கன்னா மறுபடியும் முழுப்பெட்டியா வாங்குவேன்.